பினாங்கு: நிறுவனங்கள் எதற்காக வந்தன, எதனால் தங்கின?

ஒரு நகரம் பன்னாட்டு நிறுவனங்களை எப்படி இழுக்கிறது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் பதில் வரிச்சலுகை. பத்து வருடம் வரி இல்லை, நிலம் மலிவு, சம்பளம் குறைவு என்று அறிவித்துவிட்டால் ஆலைகள் வரிசையில் வந்து நிற்கும் என்ற நம்பிக்கை ஆசியா முழுக்க இருக்கிறது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தைப் பார்த்தால் இந்த நம்பிக்கை பாதிதான் சரி என்று தெரியும். வரிச்சலுகை நிறுவனத்தைக் கூட்டிவரலாம். ஐம்பது வருடம் அதைத் தங்கவைப்பது வேறொன்று: முதலில் வந்த நிறுவனங்கள் அந்த ஊரில் பழக்கிவிட்டுப் போன மனிதர்களும், அவர்களைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளும்.

பினாங்கு இந்த வழிக்கு ஆசைப்பட்டு வரவில்லை, வேறு வழியில்லாமல்தான் வந்தது. 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் அந்தத் தீவில் கால் வைத்தது முதல் அது சுங்கத் தீர்வை இல்லாத துறைமுகமாகவே வாழ்ந்து பழகிய ஊர். சுமத்ராவின் மிளகு, மலாயாவின் ஈயம், ரப்பர், தமிழகத்துத் துணி என எல்லாம் கைமாறும் இடம். 1960களில் அந்தப் பிழைப்பு ஒவ்வொன்றாக உடைந்தது. 1963-இல் இந்தோனேசியா மலேசியாவோடு தொடங்கிய மோதல் சுமத்ரா வணிகத்தை அடித்துப் போட்டது. 1967-இல் பவுண்டு மதிப்பிறங்க, பழைய மலாயா நாணயமும் மதிப்பிழந்தது. அதை எதிர்த்து நடந்த கடையடைப்பு பினாங்கில் கலவரமாக மாறியது. 1969-இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியையே மத்திய அரசு எடுத்துவிட்டது. வேலையில்லாதவர்கள் 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

அந்த வருடம் மே மாதத் தேர்தலில் கெராக்கான் கட்சி மாநிலத்தைப் பிடித்தது. மருத்துவரான லிம் சோங் யூ முதலமைச்சர் ஆனார். 1990 வரை அவர்தான். பதவிக்கு வந்த வருடமே பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவினார். மறுவருடம் ராபர்ட் நேத்தன் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒரு திட்ட அறிக்கை தந்தது. அதன் சாரம் எளிது: உள்நாட்டுச் சந்தையை நம்பாதே, ஏற்றுமதிக்கு உற்பத்தி செய். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்குப் பல வளரும் நாடுகள் இறக்குமதியைத் தடுத்து உள்நாட்டுக்கு உற்பத்தி செய்துகொண்டிருந்த காலம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பினாங்கு நாடு அல்ல, மாநிலம். வருமான வரி, நிறுவன வரி, சுங்கம், குடிநுழைவு, பல்கலைக்கழகம் எல்லாமே கோலாலம்பூர் கையில். வரிச்சலுகையைத் தருவதும் மத்திய அரசுதான். நிறுவனம் வரி கட்டினால் அந்தப் பணமும் மத்திய அரசுக்குத்தான். மாநிலத்திடம் இருந்தது நிலம், தண்ணீர், உள்ளூர் அனுமதிகள், இவ்வளவுதான். ஆகவே இருந்ததை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள். விமான நிலையத்தை ஒட்டியிருந்த பாயான் லெப்பாஸ் வயல்வெளியைச் சமன்படுத்தி, சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொண்டுவந்து, வருகிறவர் கையெழுத்துப் போட்டதும் கட்டடம் எழுப்பலாம் என்ற நிலையில் வைத்தார்கள். அனுமதிகளுக்கு முதலீட்டாளரை அலைய விடாமல், கழகத்து ஆட்களே கூட நடந்து முடித்துக் கொடுத்தார்கள். பணம் கொடுத்து இழுக்க முடியாத மாநிலம் வேலையை ஒழுங்காகச் செய்து இழுத்தது. பினாங்கின் கதையில் என்னை மிகவும் மதிக்க வைப்பது இதுதான். வரிச்சலுகை தர ஒரு சட்டம் போதும். தாமதமில்லாத அலுவலகத்தை உருவாக்கப் பல வருட உழைப்பு வேண்டும்.

1972-இல் பாயான் லெப்பாஸில் மலேசியாவின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. முதலில் வந்தவை எட்டு நிறுவனங்கள்: நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கர்ட், லிட்ரானிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன். இன்டெல் அப்போது நான்கு வயதுக் குழந்தை. அமெரிக்காவுக்கு வெளியே அது கட்டிய முதல் ஆலை இதுதான்.

ஏன் வந்தார்கள்? அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் அப்போது ஒரு பிரிவு இருந்தது. அமெரிக்காவில் செய்த பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, கோத்துப் பூட்டித் திருப்பி எடுத்துவந்தால், வெளியே கூடிய மதிப்புக்கு மட்டும் தீர்வை கட்டினால் போதும். ஆகவே கைவேலை அதிகமுள்ள கட்டத்தை மட்டும் மலிவான ஊருக்கு அனுப்புவது லாபம். மின்னணுச் சில்லு (சிப்) உள்ளங்கையில் நூறு அடங்கும் பொருள், விலையோ அதிகம். கப்பலுக்குக் காத்திருக்காமல் விமானத்தில் அனுப்பிவிடலாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிலம் என்பதன் அருமை அதுதான். ஆங்கிலம் தெரிந்த ஊர், பிரிட்டிஷ் வழிச் சட்டம், வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் என்பனவும் சேர்ந்துகொண்டன. சிங்கப்பூருக்கு இதே தொழில் 1960களின் இறுதியிலேயே வந்துவிட்டது. அங்கே கூலி ஏற ஏற, வடக்கே இருந்த பினாங்கு கண்ணில் பட்டது.

வந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் பிறகு நடந்தது புரியும். கலிபோர்னியாவில் சுட்டெடுத்த சிலிக்கான் வில்லை விமானத்தில் வரும். அதை அரிசியைவிடச் சிறிய துண்டுகளாக அறுப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் ஓர் உலோகச் சட்டத்தில் ஒட்டி, துண்டின் விளிம்பிலிருந்து சட்டத்தின் கால்களுக்குத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைப்புக் கொடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, கையசைவில் ஒவ்வொரு கம்பியாக. அப்புறம் கறுப்புப் பிசினில் மூடி, சூட்டில் வைத்து, வேலை செய்கிறதா என்று சோதித்துத் திருப்பி அனுப்புவார்கள். ஹியூலெட்-பேக்கர்ட் ஆலையில் தொடக்கத்தில் நடந்தது இன்னும் எளிய வேலை, கணினி நினைவகத்துக்கான காந்த வளையங்களைக் கம்பியில் கோப்பது. மூளை கலிபோர்னியாவில், விரல்கள் பினாங்கில்.

அந்த விரல்கள் பெரும்பாலும் இளம் பெண்களுடையவை. மலாய்க் கிராமங்களிலிருந்தும், ஜார்ஜ் டவுன் கடைவீடுகளிலிருந்தும், கடலுக்கு அந்தப் பக்கம் பிறை, நிபோங் தெபால் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்தார்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் வேலையிழந்துகொண்டிருந்த காலம் அது. பல வீடுகளில் அப்பாவைவிட மகள் கொண்டுவந்த ஆலைச் சம்பளம்தான் நிலையானதாக இருந்தது. ஆலைப் பேருந்து வந்து நிற்கும், மூன்று ஷிப்டும் ஓடும். அந்தப் பெண்களின் கண்ணும் முதுகும் கொடுத்த விலை முதலீட்டு அறிக்கைகளில் வராது. சங்கம் வைக்கும் உரிமையும் அவர்களுக்கு நெடுங்காலம் இல்லை. மின்பொருள் தொழிலாளர் சங்கத்தில் மின்னணுத் தொழிலாளர்கள் சேரக் கூடாது என்று அரசு தடுத்து வைத்தது. நிறுவனத்துக்குள்ளேயே அடங்கிய சங்கத்துக்கு அனுமதி வந்தது 1988-இல்தான். வட்டார அளவிலான சங்கங்களுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலீட்டாளரை இழுக்க ஒரு நாடு தன் தொழிலாளரின் குரலை விட்டுக்கொடுத்தது. இதைச் சொல்லாமல் பினாங்கின் வெற்றியைச் சொல்வது நேர்மையாகாது.

சரி, மலிவான விரல்கள் மட்டும்தான் காரணம் என்றால் இந்த ஆலைகள் 1980களிலேயே வேறு ஊருக்குப் போயிருக்க வேண்டும். சோதனைகளும் வந்தன. 1975-இல் இன்டெல் ஆலை தீயில் எரிந்தது. நிறுவனம் விட்டுப் போகாமல் திருப்பிக் கட்டியது. 1985-இல் உலக அளவில் சில்லுத் தொழில் சரிந்தபோது பினாங்கில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். கம்பி இணைக்கும் வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கியிருந்தது. விரல்களின் தேவை குறைந்து, அந்த இயந்திரங்களை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த தொழில்நுட்பர்களின் தேவை கூடியது.

அப்போதுதான் பினாங்கு மிக நல்ல காரியம் ஒன்றைச் செய்தது. 1989-இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் பிறந்தது. அரசு இடம் கொடுத்தது, நிறுவனங்கள் இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் கொடுத்தன. சந்தையில் ஒருவரோடு ஒருவர் மோதும் நிறுவனங்கள் ஒரே வகுப்பறையில் தங்கள் ஆட்களை உட்காரவைத்தன. பாடத்திட்டத்தை நிறுவனங்களே தீர்மானித்ததால், மாணவன் வகுப்பில் தொட்ட இயந்திரமும் மறுநாள் ஆலையில் பார்த்த இயந்திரமும் ஒன்றாகவே இருந்தன. இங்கே பயிற்சி பெற்றவர் அடுத்த தெரு நிறுவனத்துக்குப் போய்விடுவாரே என்ற பயம் எல்லா முதலாளிக்கும் உண்டு. செலவைச் சேர்ந்து ஏற்றுக்கொண்டால் அந்தப் பயத்துக்கு அர்த்தமில்லாமல் போகிறது. யார் எங்கே போனாலும் வட்டாரத்துக்குள்தான் இருப்பார். மலேசியாவின் மற்ற மாநிலங்கள் பிற்பாடு இதைப் பார்த்துத்தான் தங்கள் மையங்களை அமைத்தன.

இரண்டாவது விஷயம் பட்டறைகள். ஆலையில் சில்லைப் பிடித்துவைக்கும் ஒரு தாங்கி தேய்ந்துபோனால், அமெரிக்காவிலிருந்து மாற்றுப் பாகம் வரும்வரை இயந்திரம் சும்மா நிற்க முடியாது. பக்கத்தில் இருந்த லேத் பட்டறைக்காரரிடம் மாதிரியைக் கொடுத்து, இதேபோல் ஒன்று கடைந்து தா என்று கேட்டார்கள். முதல் முறை அளவு பிசகும். ஆலைப் பொறியாளர் வந்து நின்று, எத்தனை மைக்ரான், எந்த உலோகம் என்று சொல்லிக்கொடுப்பார். இப்படித் தொடங்கிய எங் டெக்னாலஜி போன்ற குடும்பப் பட்டறைகள் பிறகு துல்லியப் பாகங்கள் செய்யும் நிறுவனங்களாக வளர்ந்தன. ஆலைகளில் பதினைந்து, இருபது வருடம் வேலை செய்தவர்கள் வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கியதும் நடந்தது. 1991-இல் வந்த குளோபட்ரானிக்ஸை நிறுவியவர்கள் முன்னாள் இன்டெல்காரர்கள். 2000-இல் வந்த விட்ராக்ஸ், ஹியூலெட்-பேக்கர்ட் வழிவந்த பொறியாளர்களுடையது. சர்க்யூட் பலகையிலும் சில்லிலும் உள்ள குறைகளைக் கேமரா வைத்துக் கண்டுபிடிக்கும் இயந்திரங்களைச் செய்து உலகம் முழுக்க விற்கிறது.

ஹியூலெட்-பேக்கர்ட்டின் வம்சாவளியே ஒரு தனிப் பாடம். 1972-இல் காந்த வளையம் கோத்த அந்த நிறுவனம் உலக அளவில் பிரிந்து பிரிந்து, அஜிலென்ட், அவாகோ, கீசைட் எனப் பல பெயர்களானது. பெயர்ப்பலகை மாறியபோதும் பாயான் லெப்பாஸில் ஆட்களும் அறிவும் கலையவில்லை. புதிதாக வரும் நிறுவனம் ஒன்று இப்படிப்பட்ட ஊரில் வந்து இறங்கும்போது, அனுபவமுள்ள மேலாளர், உதிரிப் பாகம் செய்பவர், சோதனைக் கருவி பழுது பார்ப்பவர் எல்லோரும் அரை மணி நேர தூரத்தில் இருக்கிறார்கள். எந்த வரிச்சலுகையாலும் இதை வாங்க முடியாது. வேறு ஊர் இதைவிடப் பெரிய சலுகை கொடுத்தாலும் இதை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

ஆனால் நடக்காமல் போனவற்றையும் பார்க்க வேண்டும். தைவான் சின்ச்சு அறிவியல் பூங்காவைத் தொடங்கியது 1980-இல், பினாங்குக்கு எட்டு வருடம் பிந்தி. 1987-இல் அங்கே டிஎஸ்எம்சி என்ற சில்லு தயாரிப்பு நிறுவனம் பிறந்தது. இன்று உலகின் மிக முன்னேறிய சில்லுகள் அங்கிருந்து வருகின்றன. பினாங்கோ இன்னும் பெரும்பாலும் பொதியிடல் (பேக்கேஜிங்), சோதனை என்ற பின்கட்டத்தில்தான் நிற்கிறது. உலகின் சில்லுப் பொதியிடல், சோதனையில் ஏறத்தாழ 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது. அதன் மையம் பினாங்கு. பெருமைதான். ஆனால் மதிப்பின் பெரும்பகுதி வடிவமைப்பிலும் வில்லை தயாரிப்பிலும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலேயே இன்டெல் பினாங்கில் வடிவமைப்பு மையம் வைத்தும், தைவானில் நடந்த பாய்ச்சல் இங்கே நடக்கவில்லை. தைவான் அரசு தன் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்பத்தை வளர்த்து, அதிலிருந்து சொந்த நிறுவனங்களைப் பிறக்கவைத்தது. மலேசியா வந்தவர்களை உபசரிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. சொந்தப் பிள்ளையை வளர்ப்பதில் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. மலாய்க்காரருக்கு முன்னுரிமை தரும் இனவாரி ஒதுக்கீட்டுக் கொள்கையால் மனம் நொந்து சிங்கப்பூருக்கும் அதைத் தாண்டியும் போன சீன, இந்தியப் பொறியாளர்களின் இழப்பும் இதில் சேர்த்தி.

2000களில் சீனா எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டபோது பினாங்கு சோர்ந்துதான் போனது. மறுபடி உயிர் வந்தது 2018-இல் அமெரிக்காவும் சீனாவும் வணிகத்தில் மோதிக்கொண்ட பிறகு. சீனாவுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்று தேடியவர்களுக்கு, ஐம்பது வருட அனுபவத்தோடு ஒரு தீவு தயாராக இருந்தது. 2021 ஆகஸ்டில், சில்லு செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் லாம் ரிசர்ச் தன் மிகப் பெரிய உற்பத்தி ஆலையை இங்கே திறந்தது. அதே வருடம் டிசம்பரில் இன்டெல் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. பாஷ் 2023-இல் சில்லுச் சோதனை மையம் திறந்தது. 1972-இல் வந்த எட்டில் சில ஐம்பது வருடம் கழித்து மறுபடி பணம் போடுவது சும்மா நடக்கிற காரியம் இல்லை.

இந்த இரண்டாம் அலை பெரும்பாலும் இறங்கிய இடம் தீவு அல்ல, எதிர்க்கரையில், அதே மாநிலத்திலுள்ள பத்து காவான் என்ற ஊர். ஒரு காலத்தில் கரும்பும் பிறகு செம்பனையும் விளைந்த தோட்ட நிலம். தோட்டத் தமிழ்ப்பள்ளி அந்தப் பழைய வாழ்க்கையின் பெயரை இன்னும் சுமக்கிறது. மேம்பாட்டுக் கழகம் வாங்கிவைத்த இந்த நிலத்தில் 2000-இல் ஒரு பெரிய விளையாட்டரங்கம் வந்தது. அதன் பிறகும் பல வருடம் சந்தடி இல்லை. 2014-இல் தீவிலிருந்து 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாவது பாலம் நேராக இங்கே வந்து இறங்கியது. பாயான் லெப்பாஸ் ஆலையும் பத்து காவான் ஆலையும் ஒரே ஷிப்டுக்குள் சரக்கு அனுப்பிக்கொள்ளும் தூரத்துக்கு வந்தன. லாம் ரிசர்ச்சும் மைக்ரானும் விட்ராக்ஸும் இங்கேதான் இருக்கின்றன. நிலத்தை முன்கூட்டி வாங்கிப் பொறுத்திருப்பது அரசு செய்யும் வேலைகளிலேயே கவர்ச்சியில்லாத வேலை. அடுத்த தேர்தலுக்குள் பலன் தராது. அது இல்லாமல் 2021 இல்லை.

இனி முடிச்சுகள். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். சில்லுத் தொழில் நிறையத் தூய நீர் கேட்கும். பினாங்கின் கச்சா நீரில் 80 சதவீதத்துக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடா மாநிலத்திலிருந்து ஓடிவருகிறது. கெடா தண்ணீருக்குப் பணம் கேட்கிறது, பினாங்கு மறுக்கிறது, இது வருடக்கணக்கான சண்டை. இத்தனைக்கும் கெடாவிலுள்ள கூலிம் தொழிற்பூங்கா வளர்ந்ததே பினாங்கின் ஆட்களும் விமான நிலையமும் பக்கத்தில் இருப்பதால்தான். நிறுவனங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஊர், அரசியலுக்கு மட்டும் இரண்டு.

நிலமும் தீர்ந்துவருகிறது. பாயான் லெப்பாஸ் நிறைந்துவிட்டது. தீவின் தெற்கே கடலைத் தூர்த்துச் செயற்கைத் தீவு கட்டுகிறார்கள். மூன்று தீவுகளாக இருந்த திட்டம் 2023-இல் ஒன்றாகச் சுருங்கி, சிலிக்கான் தீவு என்று பெயர் பெற்றது. அந்தக் கடலில் வலை போட்டுப் பிழைக்கும் மீனவர்கள் தொடக்கத்திலிருந்தே எதிர்க்கிறார்கள். அவர்களுக்கு இழப்பீடும் புதுப் படகும் தருவதாகச் சொல்லப்படுகிறது. இறால் கிடைக்கும் சேற்றுத் தரைக்கு எதை ஈடாகத் தருவார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. தீவிலும் கரையிலும் காலி நிலத்தை அடுக்குமாடி ஆலைகளாக நிமிர்த்துவதை முழுக்க முயன்று பார்த்துவிட்டுக் கடலுக்குப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிச்சு சம்பளம். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல்தான் வந்தது, தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. பாகங்களைக் கோக்கும் வேலைக்கு நேபாளம், வங்கதேசம், மியன்மார் தொழிலாளர்களைக் கொண்டுவந்து விடுதிகளில் தங்கவைத்ததால், அடிமட்டச் சம்பளம் ஏறாமலே பல வருடம் ஓடியது. மேல்மட்டத்தில் இதற்கு நேர்மாறு. ஒரு பொறியாளர் சிங்கப்பூருக்குப் போனால் அங்கே வாங்கும் சம்பளம் இங்கே வாங்குவதைப் போல் பல மடங்கு. 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்குவோம் என்கிறது மலேசியா. 2025 மார்ச்சில் சில்லு வடிவமைப்பு உரிமங்களுக்காக ஆர்ம் நிறுவனத்தோடு பத்து வருடத்துக்கு 25 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டது. உரிமத்தை விலைக்கு வாங்கலாம். அதை வைத்து வடிவமைக்கும் ஆளுக்கு இங்கேயே வீடு வாங்கும் அளவுக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால், அறுபதாயிரத்தில் பாதிப் பேர் ஜோகூர் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள்.

ஒரே நிறுவனத்தை நம்புவதன் ஆபத்தும் 2024-இல் கண்ணெதிரே தெரிந்தது. அந்த ஆகஸ்டில் இன்டெல் உலக அளவில் சுமார் 15,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. முடிவு எடுத்தது கலிபோர்னியாவில். பினாங்கில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஓர் ஊரைத் தாங்குவது அடுத்த தெருவில் ஆள் தேடும் இன்னும் பத்து நிறுவனங்கள்தான், அவற்றில் சில சொந்த ஊர்க்காரர்களுடையவையாக இருந்தால் இன்னும் நல்லது.

வரிச்சலுகை பற்றித் தொடங்கினேன், அதில் இப்போது ஒரு புது நிலைமை. 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டு நிறுவனங்கள் எங்கே இருந்தாலும் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும் என்ற உலக விதியை மலேசியா 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. பத்து வருடம் வரியே இல்லை என்று ஆசைகாட்டுவது பெரிய நிறுவனங்களிடம் இனி முன்போல் எடுபடாது. வியட்நாமின் ஹைஃபோங், தாய்லாந்தின் கிழக்குக் கடற்கரை, ஜோகூர் என்று பினாங்கோடு போட்டி போடும் எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு. பினாங்குக்கு ஒரு வகையில் இது பழகிய நிலைமை. வரி அதன் கையில் எப்போதுமே இருந்ததில்லை. நிலம், அனுமதி, பயிற்சி, பட்டறை, தண்ணீர் என்று 1969-இல் இருந்த அதே வேலைகளைத்தான் மறுபடி செய்யப் போகிறது. இந்த முறை கூடுதலாக, ஆலைக்குள் நிற்பவரின் சம்பளச் சீட்டையும் அது பார்க்க வேண்டும்.